சேச்சி வாசிக்காமல் விட்ட பதினோரு பக்கங்கள்

மலையாளத்தில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல், நானூறு பக்க மலையாள நாவல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான். என் மகள் இதைக் கேள்விப்பட்ட அன்று, "அம்மா, தட்ஸ் லிட்டரலி சீட்டிங்" என்றாள். மிடில் ஸ்கூல் படிக்கிற பெண்ணுக்கு எல்லாமே லிட்டரலிதான். "போடி, பெரிய ஜட்ஜு" என்று விரட்டிவிட்டேன். ஆனாலும் அவள் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு மலையாளம் பேச நன்றாகவே வரும். பொள்ளாச்சிக்கு மேற்கே, எல்லையோரத்தில், அப்பாவுக்கு அணைக்கட்டில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் மலையாளிகள். பத்து வயதுவரை நான் போட்ட சண்டையெல்லாம் மலையாளத்தில்தான். சண்டை போடக் கற்றுக்கொண்ட மொழி சாகும்வரை மறக்காது. பள்ளிக்கூடம் மட்டும் தமிழ். அதனால் மலையாள எழுத்து என் கண்ணுக்கு ஜிலேபியாகவே நின்றுபோனது.

சேச்சியை நான் பார்த்தது அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடை ஒன்றில். காட்டன் புடவைக்கு மேல் ஆண்கள் போடுகிற குளிர் கோட்டு. ஃப்ரீஸர் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கு பாக்கெட் ஒன்றைக் கையில் பிடித்தபடி, கடைக்காரரை மலையாளத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். கிழங்கில் பாதி நார் என்பது குற்றச்சாட்டு. கடைக்காரர் குஜராத்தி. பாவம், ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அவருக்குப் புரியல. என்னைத் திட்டுங்க, எனக்குப் புரியும்" என்று மலையாளத்தில் சொன்னேன்.

"ஆன்ட்டியா? யாருக்கு ஆன்ட்டி?" என்று என் பக்கம் திரும்பினார். அன்றிலிருந்து அவர் எனக்குச் சேச்சி, அதாவது அக்கா; நான் அவருக்குக் குட்டி. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது, அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் பேசியதெல்லாம் மலையாளம், நான் பேசியது பாதிப் பாதி. இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

பார்க்கிங் லாட்டில் பையைத் தூக்கிக் கொடுக்கும்போது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "எழுதறேன்" என்றார். "இங்க எல்லாரும்தான் எழுதறாங்க சேச்சி, வாட்ஸ்ஆப்பில" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் ஒன்பது நாவல்கள், கல்லூரிப் பாடத்தில் இரண்டு. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் கணவர் பாலம் கட்டும் பொறியாளர். பாலம் எங்கே கட்டினார்களோ அங்கெல்லாம் சேச்சியும் போயிருக்கிறார். ஜாம்பியா, தான்சானியா, ஈராக், குவைத், ஜெர்மனி, கடைசியாக நியூஜெர்சி. கணவர் இங்கேதான் காலமானார். ஒவ்வொரு நாட்டிலும் வீட்டில் ஒரே ஒரு மேஜைதான் இருந்ததாம், அது கணவருக்கு. சேச்சி ஒன்பது நாவலையும் சமையல்மேடையில் நோட்டை வைத்து, நின்றுகொண்டே எழுதியவர். இருக்கிற ஊரைப் பற்றி எழுதமாட்டார். லுசாகாவைப் பாஸ்ராவில் எழுதினார், பாஸ்ராவைக் குவைத்தில். "இருக்கற ஊரைப் பத்தி எழுதினா அது கம்ப்ளெயின்ட். விட்டுட்டு வந்தப்புறம் எழுதினாத்தான் கதை" என்பார்.

எழுதி முடித்த தாள்களை, லீவில் ஊருக்குப் போகும் நர்ஸுகளின் பெட்டியில் கொடுத்தனுப்புவார். ஒருமுறை அப்படிப் போன பெட்டி பம்பாயில் காணாமல் போனது. நூற்றுச்சொச்சம் பக்கம். நகல் கிடையாது. நானாக இருந்தால் தரையில் விழுந்து புரண்டிருப்பேன். அவர் மறுநாள் காலை சமையல்மேடையில் புது நோட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். "ரெண்டாவதா எழுதினதுதான் நல்லா வந்தது" என்று அதையும் ஒரு சாதாரண விஷயமாகச் சொன்னார்.

அவருடைய நாவல்களில் அதிகம் படிக்கப்பட்டது, கணவன் பின்னால் நாடு நாடாகப் போகிற ஒரு பெண்ணின் கதை. அது அவர் கதையேதான் என்று கேரளத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் கொண்டுவரப் பலர் கேட்டும் முடியாது என்றுவிட்டாராம். ஆனால் ஒருநாள் என்னைப் பார்த்து, "நீ இதைத் தமிழ்ல பண்ணு" என்றார். நான் அப்போது பத்திரிகைகளில் நாலைந்து சிறுகதை எழுதியிருந்தேன், அவ்வளவுதான் என் தகுதி.

"எனக்குப் படிக்கத் தெரியாது சேச்சி."

"எனக்குத் தெரியுமே" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கிளம்பி, ரூட் ஒன்னில் உள்ள எல்லா சிக்னலிலும் நின்று, எடிசனில் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் ஒரு வாக்கியம் வாசிப்பார். நான் தமிழில் சொல்லிப் பார்ப்பேன், தமிழ் கேட்டால் அவருக்குப் புரியும். "அவ்வளவு மெதுவா இல்ல, இன்னும் கொஞ்சம் கடுமை" என்பார். இன்னொரு முறை சொல்வேன். சரி என்று அவர் தலையாட்டினால் லாப்டாப்பில் தட்டுவேன். மதியம்வரை இதே வேலை. என் கணவர் இதற்குச் சம்பளமில்லாத சனிக்கிழமை ஷிஃப்ட் என்று பெயர் வைத்தார். அந்த ஷிஃப்டை ஒன்றரை வருடம் பார்த்தேன். டேகேர், டெட்லைன், மாமியாருக்கு விசா என்று அலைந்து தேய்ந்த என் வாழ்க்கையில், அந்த நான்கு மணிநேரம்தான் எனக்கே எனக்கென்று இருந்தது.

நாவலை முடித்த மாதத்தில் சேச்சிக்கு முழங்கால் ஆபரேஷன். கலிபோர்னியாவில் மில்பிடாஸிலிருந்து அவருடைய ஒரே மகன் வந்து, வீட்டைக் காலி செய்து, அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போனார். ஐம்பதைத் தாண்டியவர், சிப் கம்பெனியில் வேலை, அதிகம் பேசாத மனிதர். அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், அம்மா மலையாளத்தில் கேட்கிறார், மகன் தமிழில் பதில் சொல்கிறார். என்னைவிடச் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ்.

"நீலகிரியில போர்டிங் ஸ்கூலுங்க. அங்க செகண்ட் லாங்குவேஜ் தமிழ்தான். மலையாளம் கேட்டா புரியும், படிக்க வராது" என்றார்.

நம் பிள்ளைகள் நமக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வதைப்போல இங்கே தமிழ் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

புத்தகம் சென்னைப் பதிப்பகத்துக்குப் போனது. அங்கே ஓர் எடிட்டர். நாகர்கோவில்காரர், மலையாளம் கரைத்துக் குடித்தவர். ஒருநாள் காலை, நான் மகளின் லஞ்ச் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"மேடம், பதினாலாவது அத்தியாயம் எங்க?"

"அனுப்பியிருக்கேனே சார்."

"உங்க பதினாலு, மூலத்துல பதினஞ்சு. மூலத்துல இருக்கற பதினாலு உங்ககிட்ட இல்லவே இல்ல. பதினோரு பக்கம். அந்த நாவலோட உயிரே அதுதானே, அதை எப்படி விட்டீங்க?"

ஃபைல் எங்கேயோ மாறியிருக்கும், பார்த்து அனுப்புகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி போனை வைத்தேன். நினைத்துப் பார்த்தால், ஒரு சனிக்கிழமை சேச்சி பாதியிலேயே, "இன்னிக்குப் போதும், சாயா குடிக்கலாம்" என்றார். அடுத்த வாரம் பதினான்கு என்று சொல்லி ஆரம்பித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவளை ஏமாற்றுவதற்கு என்ன கஷ்டம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மில்பிடாஸில் பொழுது விடிந்திருக்குமா என்றுகூடப் பார்க்காமல் கூப்பிட்டேன்.

"பதினாலு எங்க சேச்சி?"

"யார் சொன்னா?" என்றார்.

"யார் சொன்னா என்ன? ஒன்றரை வருஷம் எதிர்ல உக்காந்திருக்கேன். முகத்தைப் பார்த்தே ஏமாத்திட்டீங்களே!"

"முகத்தைப் பார்த்ததுனாலதான் வாசிக்க முடியல குட்டி. எழுதினப்ப சமையலறையில யாரும் இல்ல. நீ எதிர்ல உக்காந்து கண்ணைக் கொட்டாமப் பார்க்கறே. வாய்ல வரல."

"அப்ப போன்ல வாசிங்க. நான் பார்க்கல."

"முடியாது. அதுல அவன் இருக்கான்."

"யாரு?"

"என் மகன். நான் அவனை விட்டுட்டுப் போனது. அவனுக்கு மலையாளம் படிக்க வராது, அதனால இத்தனை வருஷம் தெரியாது. இங்கிலீஷ்ல வேண்டாம்னு சொன்னதும் அதுக்குத்தான். தமிழ்ல வந்தா அவன் படிப்பான்."

"அப்ப எதுக்குத் தமிழ்ல பண்ணுன்னு என் உயிரை எடுத்தீங்க?"

"அவன் படிக்கணும்னுதான்" என்றார். "எனக்கு வயசாச்சு. என்னோட ஒரு புஸ்தகமாவது அவன் படிக்கணும். ஆனா அந்தப் பதினோரு பக்கம் வேண்டாம்."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டும் நான் விடவில்லை. என் சுபாவம் அப்படி. அவர் புத்தகமாக இருந்தாலும் அட்டையில் என் பெயரும் இருக்கிறது. முழுசாக வந்தால் வரட்டும், இல்லையென்றால் புத்தகமே வேண்டாம் என்றேன். வாசிக்கமாட்டேன் என்றார் அவர்.

"வேண்டாம். நானே படிச்சுக்கறேன்."

"நீயா? உனக்கு முதல் எழுத்தே தெரியாது!" என்று சொல்லி, அந்த அழுகைக் குரலிலும் களுக்கென்று ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

ஆபீஸில் என் டீமில் ஒரு மலையாளிப் பெண். அவளிடம் குழந்தைகள் எழுதிப் பழகும் புத்தகம் ஒன்று வாங்கினேன். மதிய இடைவேளையில் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் புத்தகத்தை வைத்து எழுதிப் பழகினேன். தனியெழுத்து வந்தது. கூட்டெழுத்து வரவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு பாம்பு சண்டை போடுவதைப் போல இருந்தது. அந்தப் பெண்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர் நூலகத்தில் மலையாள வகுப்பு நடக்கிறது, வேண்டுமானால் வாருங்கள் என்றாள். போய்ப் பார்த்தால் எல்லாம் ஆறு வயது, ஏழு வயது. எனக்கும் அதே குட்டி நாற்காலி. டீச்சருக்கு என்னைத் திட்டலாமா கூடாதா என்று குழப்பம். முன்பல் விழுந்த ஒரு பெண்குழந்தை என் நோட்டை எட்டிப்பார்த்து, "ஆன்ட்டி, யூ நீட் மோர் ப்ராக்டிஸ்" என்றது.

"ஆபீஸ்ல இவ்வளவு படிச்சிருந்தா இந்நேரம் டைரக்டர் ஆகியிருப்பே" என்றார் என் கணவர். மகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் நான் திரும்பத் திரும்ப ஒரே எழுத்தில் தடுக்கி, பென்சிலைத் தூக்கி எறிந்தபோது, அவள் அதை எடுத்து வந்து கூராக்கி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டரை மாதம் கழித்து பதினான்காம் அத்தியாயத்தைப் பிரித்தேன். பதினோரு பக்கத்துக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு வாக்கியத்தின் கடைசிக்கு வருவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோய், மறுபடி ஆரம்பித்து. அப்படிப் படித்ததால் எதையும் தாண்டி ஓட முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தையிலும் நின்றாக வேண்டியிருந்தது.

அதில் இருந்தது இதுதான். ஆறு வயதுப் பையனை மலைமேல் ஒரு விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு, தாய் கணவனோடு ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள். பாலம் கட்டுகிற இடத்தில் பள்ளிக்கூடம் இல்லை, அது உண்மை. ஆனால் அவளுக்கு ஊர் பார்க்க ஆசையும் இருந்தது, எழுத நேரம் கிடைக்குமே என்று தோன்றவும் செய்தது, அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். பையனிடமிருந்து வாராவாரம் கடிதம் வரும். வார்டன் படித்துப் பார்த்துத்தான் உறையில் போடுவார், அதனால் ஆங்கிலத்தில் ஐ ஆம் ஃபைன், இட் இஸ் ரெய்னிங். ஆனால் கடைசியில், பென்சிலில், ஒரே ஒரு வரி, பள்ளியில் கற்ற தமிழ். வார்டன் வெளிமாநிலத்துக்காரர், அவருக்குத் தமிழ் படிக்க வராது. தாய்க்கும் வராது. லுசாகா ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தாள். தாய் அப்படி வந்த முதல் கடிதத்தை அவளிடம் கொண்டுபோனாள். நர்ஸ் அந்த வரியைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "நான் நல்லா இருக்கேன், நீயும் நல்லா இரு அம்மான்னு எழுதியிருக்கான்." அடுத்த வாரமும் அதே வரி, அதே வடிவம். அதற்கப்புறம் தாய் யாரிடமும் கொண்டுபோகவில்லை. அவளுக்குத்தான் அந்த வரி தெரியுமே. கடிதம் வந்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, நேராக அந்தப் பென்சில் வரிமேல் விரலை வைத்துத் தடவுவாள். சில வருடம் வந்தது, பிறகு ஆங்கிலம் மட்டும் வந்தது. அந்த ஒரு வரிதான் என்னை அங்கே இருக்கவிட்டது, எழுதவும் விட்டது என்று அத்தியாயம் முடிந்திருந்தது.

அதைத் தமிழாக்க எனக்கு இரண்டு நாள்தான் ஆனது. முடித்ததும் சேச்சியைக் கூப்பிட்டு, மலையாளத்தில் முதல் பத்தியை வாசித்துக் காட்டினேன். திக்கித் திணறித்தான் வாசித்தேன். அவர் ஓர் இடத்திலும் திருத்தவில்லை. முடித்த பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"கழுதை, படிச்சேவிட்டியா?" என்றார். பிறகு, "அவனுக்கு அனுப்பு. அவன் சரின்னு சொன்னாப் போடு. வேண்டாம்னா கிழிச்சுப்போடு. அப்புறம் அதைப் பத்தி எங்கிட்டப் பேசக்கூடாது" என்றார்.

அன்றைக்கே மகனுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. எடிட்டர் நச்சரித்தார். ஒருவேளை அம்மாவும் மகனும் பேச்சே இல்லாமல் போய்விட்டார்களோ, நான்தான் மூக்கை நுழைத்து ஒரு வீட்டைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது வாரம் ஆபீஸ் வேலையாக, மில்பிடாஸை ஒட்டிய சான் ஹோசே போகவேண்டி வந்தது. வருகிறேன் என்று மகனுக்குச் செய்தி அனுப்பினேன். "சண்டே லஞ்சுக்கு வாங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவர் மனைவியும் பிள்ளைகளும் நீச்சல் போட்டிக்குப் போயிருந்தார்கள். அவரே சமைத்திருந்தார். சேச்சி வாக்கரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். நாங்கள் மூன்று பேரும் சோற்றையும் சாம்பாரையும் பற்றி மட்டுமே பேசினோம். மோருக்கு வந்தபோதுதான் மகன் ஆரம்பித்தார்.

"அந்தச் சாப்டரைப் போடலாங்க. எனக்கு அப்ஜெக்‌ஷன் எதுவும் இல்ல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சேச்சி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அதுல ஒரு லைன் தப்பு" என்றார் மகன்.

எனக்குச் சுருக்கென்றது. "எது? ஒவ்வொரு எழுத்தா பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கேன். தப்பா இருக்க சான்ஸே இல்ல" என்று சண்டைக்குப் போனேன்.

"உங்க தப்பு இல்லைங்க. அம்மா தப்பும் இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. லெட்டர் கடைசில வர்ற லைன். நான் நல்லா இருக்கேன், நீயும் நல்லா இருன்னு. நான் அப்படி எழுதவே இல்ல."

சேச்சி தலையைத் தூக்கினார். "அந்த நர்ஸ் படிச்சுச் சொன்னாளே."

"அவங்க சொன்னாங்கம்மா. நான் எழுதல."

"பின்னே என்னடா எழுதினே?"

அவர் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஞாபகம் இல்லம்மா. சின்னப் பையன்தானே" என்றார். பொய் சொல்கிறார் என்று எனக்கே தெரிந்தது, பெற்றவளுக்குத் தெரியாதா? பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நான் கேட்டதற்குப் பதில் சொல்வதைப்போல, "அம்மா ஸ்கூல்ல சேர்க்க வந்தப்ப கடைக்காரங்க, ஆயா, எல்லார்கிட்டயும் தமிழ் பேசுனாங்க. பேசத் தெரிஞ்சா படிக்கவும் தெரியும்னு நினைச்சுட்டேன்" என்றார்.

சேச்சி வாக்கரைப் பிடித்து எழுந்தார். வேண்டாம் உட்காருங்கள் என்று இருவரும் சொன்னோம். கேட்கவில்லை. உள்ளே போய், வாக்கரின் கைப்பிடியில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு வந்தார். அதிலிருந்து நீல ஏர்மெயில் தாள்கள் ஒரு கட்டு. அத்தனை நாடுகளையும் தாண்டி வந்த கட்டு. மகன் முன்னால் வைக்காமல் என் முன்னால் வைத்தார்.

"படி" என்றார்.

"அக்கா, வேண்டாங்க, ப்ளீஸ்" என்றார் மகன். என்னைவிட வயதில் மூத்தவர் என்னை அக்கா என்றார்.

அந்த நிமிடம் லுசாகா நர்ஸை எனக்கு நன்றாகப் புரிந்தது. எதிரில் ஒரு தாய் கடிதத்தோடு நிற்கிறாள். ஊருக்குப் போக வழியில்லை. என்ன சொல்வாள்? அரை நொடியில் வந்திருக்கும் அந்தப் பொய். எனக்கும் அது நாக்கு நுனியில் வந்து நின்றது. மழையில் பென்சில் அழிந்துவிட்டது சேச்சி என்று சொல்லிவிடலாம். மகனின் கண் என்னை அதைத்தான் கேட்டது.

"குட்டி" என்றார் சேச்சி. "இருக்கறதை இருக்கறபடி படி. நான் உனக்குச் செஞ்சதை நீ எனக்குச் செய்யாதே."

முதல் தாளைப் பிரித்தேன். மேலே ஆங்கிலம், சிவப்பு மையில் வார்டனின் திருத்தம். அடியில் பென்சில் வரி. எழுத்து அழியவே இல்லை.

"அம்மா என்னை வந்து கூட்டிட்டுப் போ" என்று வாசித்தேன்.

சேச்சியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அடுத்தது" என்றார்.

"அம்மா என்னை வந்து கூட்டிட்டுப் போ."

"அடுத்தது."

அதே வரி. ஒன்றில் சீக்கிரம் என்று சேர்த்திருந்தது. ஒன்றில் அம்மா என்று இரண்டு முறை. நிறுத்தினேன். அடுத்தது, அடுத்தது என்று அவர் விடவில்லை. நூறு பக்கம் தொலைந்த மறுநாள் புது நோட்டைப் பிரித்தவர் அவர். அவரிடம் தப்பிக்க முடியுமா? நான் வாசித்துக்கொண்டே இருந்தேன். மகன் எழுந்துபோய் சிங்க்கில் குழாயைத் திறந்தார், மூடினார். திரும்பி வந்து அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"படிச்சுட்டும் வரலைன்னு நினைச்சேம்மா" என்றார். "இந்தச் சாப்டரைப் படிக்கறவரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன்."

சேச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அடுத்தது."

பிரித்தேன். ஆங்கிலம் முடிந்து, கீழே வெறும் நீலத்தாள். திருப்பிப் பார்த்தேன். பின்னாலும் ஒன்றும் இல்லை.

"என்ன, படி."

"இதுல தமிழ் இல்ல சேச்சி. இங்கிலீஷ் மட்டும்தான்."

அவர் கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். தேதியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதோட விட்டுட்டியாடா?" என்று மகனைக் கேட்டார்.

"ஆமாம்மா."

"இது வந்த அன்னிக்கு" என்றார் சேச்சி, "என் மகன் பெரியவன் ஆயிட்டான், இனி அவனுக்கு அம்மா தேவையில்லைன்னு, நான் பாயசம் வெச்சேன்."